ஒஸெல்லாவின் ஒரே இசைத்தட்டு

மெம்ஃபிஸில் எங்கள் தெருவில் பாடத் தெரியாதவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆளுக்கொரு குரல் எடுத்தால் கூரை போய்விடுமோ என்று பயமாக இருக்கும். அப்படிப்பட்ட தெருவிலும் ஒருத்தி வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். அவள் என் பெரியம்மா மகள் ஒஸெல்லா ப்ரூயிட்.

இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காதது போலப் பேசுகிற பெண்ணின் குரல் அது. உயரத்துக்குப் போகும்போது கத்த மாட்டாள். கத்தாமல் அடக்கிக்கொள்கிறாள் என்பது நமக்குத் தெரியும். நமக்குத்தான் தொண்டை வலிக்கும்.

அவளும் நானும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தோம். நாள் முழுக்க ஆவியில் வெந்துகொண்டு படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் கொடுத்து வாங்க வேண்டும். அங்கே நின்றுகொண்டுதான் அவள் அந்தப் பாட்டைக் கட்டினாள். வேறொருத்தியைப் பார்க்கப் போகும் புருஷனுக்கு, போவது எங்கே என்று தெரிந்தும் சட்டையைத் தேய்த்துக் கொடுக்கிற ஒருத்தியின் பாட்டு. ‘காலர்ல மடிப்பு இல்லாம பார்த்துக்கிட்டேன், அவ குறை சொல்லக் கூடாது பாரு’ என்று ஒரு அடி வரும். அந்த அடி வந்தால் சலவைக்கூடத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் விரிப்பை மடிப்பதில் மும்முரமாகிவிடுவார்கள்.

அவளுடைய புருஷன் டால்மட்ஜ் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெண்கள் விஷயத்தில் அவன் மேல் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உயரமானவன், பார்க்க லட்சணமானவன், பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஹார்லன் என்ற வெள்ளைக்காரரின் மரச்சாமான் கடையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கட்டிலும் பீரோவும் ஏற்றிக்கொண்டு போய் வீடு வீடாக இறக்குவான். வாசலில் நிற்கும் வீட்டுக்காரர்கள் அவனை வயசு வித்தியாசம் பாராமல் ‘டேய் பையா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த ஹார்லன் கடைக்குப் பின்புறம் பாட்டுப் பதிவு செய்கிற அறை ஒன்று வைத்திருந்தார். வில்லோ பெண்ட் என்று ஒரு இசைத்தட்டுக் கம்பெனி. அப்போது மெம்ஃபிஸில் யாரிடம் நாலு மைக் இருந்தாலும் கம்பெனி வைத்துவிடுகிற காலம். சோல் என்று எங்கள் கறுப்பு ஜனங்கள் பாடுகிற பாட்டு என்றால் நாடே வாங்கியது. டால்மட்ஜ்தான் ஒஸெல்லாவை அவரிடம் அழைத்துப் போனான். அது அறுபத்தாறாம் வருஷக் குளிர்காலம்.

பதிவு செய்தபோது பின்பாட்டுக்கு நானும் நின்றேன். அங்கே டிரம் வாசித்தவர் யாரையும் பாராட்டாதவர், எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே இருப்பார். இரண்டாவது முறை ஒஸெல்லா பாடி முடித்ததும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, “இதுக்கு மேல பாடச் சொல்லாதீங்க, இதைக் கெடுத்துடுவோம்” என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹார்லன் நாடாவைத் திருப்பி ஓட்டினார். திரும்பப் போட்டுக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் என்றார்.

டால்மட்ஜ் அப்போது ஒரு நிபந்தனை வைத்தான். ஒஸெல்லா கையெழுத்துப் போட வேண்டுமானால் தனக்குக் கம்பெனியில் வேலை வேண்டும், லாரியில் அல்ல. ஹார்லன் சம்மதித்தார். ஊர் ஊராகப் போய் ரேடியோக்காரர்களைப் பார்த்து, தட்டைக் கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லிப் போட வைக்கிற வேலை. பியூக் கார் ஒன்றும் கிடைத்தது. அன்றிலிருந்து ஹார்லன் அவனை ‘மிஸ்டர் ப்ரூயிட்’ என்று கூப்பிட்டார். ஒஸெல்லாவை மட்டும் கடைசிவரை ‘ஒஸெல்லா’ என்றுதான் கூப்பிட்டார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். “பாடறவளுக்கு வெறும் பேரு, பெட்டி தூக்கறவனுக்கு மிஸ்டர்” என்பாள் ஒஸெல்லா. அவளுக்கு அதில் பெருமைதான்.

ஈஸ்டர் சமயத்தில் தட்டு வெளிவந்தது. மெம்ஃபிஸ் ரேடியோவில் ஒரு வாரம் போட்டார்கள். சலவைக்கூடத்தில் அந்தப் பாட்டு வந்த முதல் நாள் மேற்பார்வையாளரே இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அப்புறம் வருவது நின்றுவிட்டது. ஜோனெட் வான்ஸ் என்று ஹார்லனிடம் இன்னொரு பெண் இருந்தாள். சின்னப் பெண், மெலிந்தவள், எங்களைவிட வெளுப்பு. அவள் பாட்டு காலையில் வரும், மத்தியானம் வரும், நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்துக் கடையிலிருந்தும் வரும்.

ஒஸெல்லா கவலைப்படவில்லை. ஏனென்றால் டால்மட்ஜ் ஒவ்வொரு பயணம் முடிந்து வரும்போதும் செய்தி கொண்டு வந்தான். உள்ளூர்க்காரன் உள்ளூர்க்காரியை மதிக்க மாட்டான், வெளியூரில் பார் என்பான். ஜாக்ஸனில் தினமும் போடுகிறார்கள். அட்லாண்டாவில் கேட்டு எழுதுகிறார்கள். அலபாமாவில் இருக்கிற பர்மிங்ஹாமில் ஒரு பெண்பிள்ளை காரை ஓரமாக நிறுத்திவிட்டு பாட்டு முடிகிறவரை அழுதாளாம். அதை மறுநாள் ஒஸெல்லா எங்களிடம் வந்து சொல்வாள். அந்தப் பெண் போட்டிருந்த தொப்பியின் நிறத்தைக்கூடச் சொல்வாள். டால்மட்ஜ் அவ்வளவு நுணுக்கமாகச் சொல்லியிருந்தான்.

கோடை முடிகிற நேரத்தில் பர்மிங்ஹாமிலிருந்த எங்கள் ஸெனோபியா அத்தை இறந்துபோனாள். டால்மட்ஜ் அப்போது வேறு ஊரில் இருந்தான். ஒஸெல்லாவும் நானும் பஸ் ஏறிப் போனோம். அடக்கம் முடிந்து சர்ச் கீழறையில் சாப்பாடு. கோழி வறுவலும் மக்ரோனியும் தட்டில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அத்தையின் புருஷன் ஹோஸியா மாமா எங்கள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“உன் பாட்டு ரேடியோவுல வரும் வரும்னு காத்துக் கிடந்தே உங்க அத்தை போயிட்டாம்மா” என்றார். “நீ அனுப்பின தட்டைத்தான் போட்டுப் போட்டுக் கேட்டா.”

ஒஸெல்லா அவருக்கு வயசாகிவிட்டது, சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைத்தாள். “இங்க தினமும் போடறாங்களே மாமா?” என்றாள்.

மேஜையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை வீட்டில் ரேடியோ காலையில் போட்டால் படுக்கும்போதுதான் அணையும், ஒரு தடவைகூட வரவில்லை என்று மாமா மகள் மெதுவாகச் சொன்னாள். ஒஸெல்லா சாப்பாட்டைத் தள்ளி வைக்கவில்லை. தட்டிலிருந்ததை எல்லாம் முழுசாகச் சாப்பிட்டு முடித்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை அத்தை வைத்திருந்த தட்டை மாமாவிடம் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் ரேடியோ நிலையத்துக்குப் போனோம். முடிதிருத்தும் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அங்கே பாட்டுப் போடுகிறவர் அலான்ஸோ பேட்டில். பெரிய உடம்பு, சிரித்த முகம். மெம்ஃபிஸிலிருந்து வருகிறோம் என்றதுமே, எங்கள் பேரைக் கேட்பதற்கு முன்னால், “அப்ப நம்ம ப்ரூயிட்டைத் தெரிஞ்சிருக்குமே” என்றார்.

தெரியும் என்றாள் ஒஸெல்லா.

“தங்கமான மனுஷன். மாசம் தவறாம வந்துடுவாரு. வரும்போது பன்னித் தொடையில ஒரு முழு ஹாம், அப்புறம் ஜோனெட் வான்ஸ் பாட்டு. அவரு பேசறதைக் கேட்டா போடாம இருக்க முடியுமா?”

“வேற யார் பாட்டும் குடுக்கலீங்களா?”

“அந்தக் கம்பெனியில வேற யாரும்மா பாடறா?”

“அவரு பொண்டாட்டி பாடறா” என்றாள் ஒஸெல்லா.

அவர் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்துவிட்டார். “ப்ரூயிட்டுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? இத்தனை நாள் பழகறேன், ஒரு வார்த்தை சொன்னதில்லையே” என்றார். பிறகு ஒஸெல்லாவின் கையிலிருந்த தட்டையும் அதிலிருந்த பேரையும் பார்த்தார். சிரிப்பு அப்படியே போய்விட்டது. எழுந்து தன் நாற்காலியை அவளுக்குப் போட்டார்.

தட்டை வாங்கி உடனே ஒலிபரப்பில் போட்டார். கீழே முடிதிருத்தும் கடை ரேடியோவிலும் அது கேட்டது. கத்தரிச் சத்தம் நின்றுபோனது எங்களுக்குத் தெரிந்தது. பாட்டு முடிவதற்குள் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. யார் பாடியது, எங்கே கிடைக்கும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அலான்ஸோ ஒஸெல்லாவைப் பார்ப்பார், ‘கேட்டுச் சொல்றேம்மா’ என்று வைத்துவிடுவார். அந்த ஊரில் எந்தக் கடையிலும் ஒரு தட்டுக்கூட இல்லை. கிளம்பும்போது, கடைகளுக்குத் தட்டு வர ஏற்பாடு செய், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன், குளிர் வருவதற்குள் அலபாமா முழுக்க உன் பேரைச் சொல்லும் என்று ஒஸெல்லாவிடம் சொன்னார். அவள் நன்றி சொன்னாள்.

டால்மட்ஜ் அந்த வாரக் கடைசியில் வந்தான். ஒஸெல்லா என்னை வரச் சொல்லியிருந்தாள். தனியாக இருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடித்துவிடுவேன் என்று பயம் அவளுக்கு. கெளுத்தி மீன் பொரித்து, சோளரொட்டி சுட்டு அவனுக்குப் போட்டாள். அவன் சாப்பிடும் வரை பொறுத்திருந்தாள்.

“இந்தத் தடவை பர்மிங்ஹாம் போனியா?”

“போகாம? அலான்ஸோ உன்னைத்தான் கேட்டான். உன் பாட்டைப் போட்டா போன் வைக்கவே விட மாட்டேங்கறாங்களாம்.”

“போன் வந்தது வாஸ்தவம்தான்” என்றாள் ஒஸெல்லா. “நான் அங்கதான் உக்காந்திருந்தேன். ஹாம் நல்லா இருந்துச்சுன்னு உன்கிட்ட சொல்லச் சொன்னாரு.”

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். ஏதாவது பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஹார்லன் முதல் பயணத்துக்கு முன்பே சொல்லிவிட்டாராம். ஜோனெட் பாட்டை மட்டும் கொடு, மற்றதை யாராவது கேட்டால் பார்க்கலாம் என்று. பொண்டாட்டி பாடுகிறாள் என்று தெரிந்தால் ரேடியோக்காரர்கள் கேட்பார்கள். அதனால் பொண்டாட்டி இருப்பதையே அவன் சொல்லவில்லை.

“அப்ப என் தட்டெல்லாம் எங்க?”

அவன் எழுந்து வெளியே போனான். நாங்களும் போனோம். வாசலில் நின்றிருந்த பியூக்கின் பின்பெட்டியைத் திறந்தான். கம்பளியை விலக்கினால் அடியில் அட்டைப்பெட்டிகள். ஒஸெல்லா ஒன்றைக் கிழித்து ஒரு தட்டை உருவினாள். கோடை முழுக்க அந்தத் தகரச் சூட்டில் கிடந்து அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. இன்னொன்றை உருவினாள், அதுவும் அப்படித்தான்.

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இந்தக் கார்லதான சர்ச்சுக்குப் போனோம்” என்றாள். அவனிடம் கேட்ட மாதிரி இல்லை. தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. “இதுக்கு முன்னால உக்காந்துக்கிட்டுத்தான் போயிருக்கேன்.”

“நான் என்ன பண்ணட்டும் ஒஸெல்லா?” என்றான் அவன். “உன் பாட்டைத் தூக்கிட்டுப் போயிருந்தா மறுநாளே லாரி ஓட்டுன்னுடுவாரு. நான் கதவைத் திறந்துக்கிட்டு உள்ள போனா எழுந்து கை குடுக்கறாங்க. வெள்ளைக்காரன் மிஸ்டர்ங்கறான். அது உனக்கு சாதாரணமா இருக்கலாம்.”

“எனக்கு யாரு குடுத்தா, சாதாரணமா இருக்கறதுக்கு?”

“நீ பெரிய ஆளாயிட்டா அப்புறம் நான் யாரு? உன் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் பின்னால வரணும். அதையும் நினைச்சேன். பொய் சொல்ல மாட்டேன்.”

“பொய் சொல்ல மாட்டே” என்றாள் அவள். உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து, சலவைக்கூடத்து உடையோடேயே ஹார்லன் கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் ஒரு சாப்பாட்டு மேஜைக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை, ஒளிக்கவும் இல்லை. அவரளவு கம்பெனிக்கு ஒரு பாடகியைத்தான் தூக்கி நிறுத்த முடியும், இரண்டு பேரை விட்டால் இரண்டும் விழும் என்று கணக்குச் சொல்கிறவர் மாதிரி விளக்கினார். ஜோனெட் சின்னப் பெண், படம் நன்றாக விழுகிறது, இன்னும் பத்து வருஷம் ஓடுவாள் என்றார்.

“அப்புறம் என்னை எதுக்குங்க எடுத்தீங்க?”

“எடுக்கலைன்னா நீ ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கற பெரிய கம்பெனிக்குப் போயிருப்பே. நீ அங்க பாடினா ஜோனெட்டை யாரு கேப்பா?” என்றார். அதை ஒரு பாராட்டாகவே சொன்னார். இன்றைக்கு வரை அதுதான் எனக்கு ஆறவில்லை. அவருக்கு அவள் குரல் புரியவில்லை என்றால்கூடத் தேவலை. எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகப் புரிந்திருந்தது.

ஒப்பந்தத்திலிருந்து விட்டுவிடச் சொல்லிக் கேட்டாள். முடியாது என்றார். பர்மிங்ஹாமுக்காவது தட்டு அடித்துத் தரச் சொன்னாள். அதற்கும் முடியாதென்று தலையை ஆட்டிவிட்டு, வீட்டில் சோபா எதுவும் வேண்டுமானால் விலை பார்த்துப் போட்டுத் தருகிறேன் என்றார்.

அலான்ஸோ தன்னிடமிருந்த அந்த ஒரு தட்டைத் தேயத் தேயப் போட்டார். வாங்கக் கிடைக்காத பாட்டை ஜனங்கள் எத்தனை நாள் கேட்பார்கள்? மறந்துவிட்டார்கள்.

ஒஸெல்லா டால்மட்ஜை விட்டுப் போய்விடுவாள் என்று நான் நினைத்தேன். என் வீட்டில் ஒரு அறையைக்கூட ஒழித்து வைத்தேன். அவள் வரவில்லை. ஒரு நாள் சலவைக்கூடத்தில் கேட்டே விட்டேன்.

“நான் போயிட்டா அவன் மறந்துடுவான் டிலோய்ஸ்” என்றாள். “தினமும் என் மூஞ்சியைப் பார்க்கட்டும்.”

அப்படித்தான் இருந்தாள். சமைத்தாள், துவைத்தாள், சண்டை போடவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் பாடவில்லை. பாத்திரம் கழுவும்போதுகூட ஒரு முணுமுணுப்பு கிடையாது. சர்ச்சில் பாடுவாள், அவன் வருகிற நாட்களில் பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைப்பாள். பாஸ்டருக்கே அது தெரியாது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

ஒப்பந்தத்தின் ஐந்து வருஷம் முடிந்ததும் ஹார்லன் சொன்ன அந்தப் பக்கத்துப் பெரிய கம்பெனிக்குப் போய்ப் பார்த்தாள். மரியாதையாகப் பேசினார்கள், பாட வைத்துக் கேட்டார்கள், கண் கலங்கினார்கள். இப்போது கேட்கிறவர்கள் சின்ன வயசுக்காரர்கள், காலம் மாறிவிட்டது என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். ஜோனெட்டையும் ஹார்லன் அதற்குள் கைவிட்டிருந்தார். ஒரு நாள் மளிகைக்கடையில் என்னைப் பார்த்தபோது, தனக்கு இது எதுவுமே தெரியாது என்று சொல்லிவிட்டு அழுதாள். நம்பினேன். ஹார்லன் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஃபுளோரிடா பக்கம் போய்விட்டார். டால்மட்ஜ் வேறொரு கடையில் மறுபடி லாரி ஓட்டினான்.

வெகுகாலம் கழித்து, எண்பதுகளில், இங்கிலாந்திலிருந்து தாடிக்காரர் ஒருவர் ஒஸெல்லாவைத் தேடிக்கொண்டு வந்தார். நெளியாத தட்டு ஒன்று எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே வடக்குப் பக்கத்து ஊர்களில் அந்தப் பாட்டுக்கு இளசுகள் கூட்டம் கூட்டமாக ஆடுகிறார்களாம்.

“ஆடறாங்களா? அது அழற பாட்டாச்சே” என்றாள் ஒஸெல்லா.

பழைய பாட்டுகளோடு சேர்த்து அதையும் போட்டுப் புதிதாக ஒரு பெரிய தட்டு கொண்டுவந்திருந்தார்கள். அவர் அதைப் பெருமையோடு நீட்டினார். அட்டையில் அவள் பேருக்கு மேல் ஜோனெட் வான்ஸின் படம் இருந்தது. ஒஸெல்லாவை ஹார்லன் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. வில்லோ பெண்டின் பழைய சாமான்களில் கிடைத்த பெண் படத்தை இவள்தான் என்று போட்டுவிட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் அந்த மனிதருக்கு முகம் செத்துப்போயிற்று. ஒஸெல்லாதான் அவரைத் தேற்றி, பீச் பழப் பலகாரம் கொடுத்து அனுப்பினாள்.

டால்மட்ஜுக்கு அப்போது பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்திருந்தது. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வந்தவர் போனதும், வாய் குழறியபடியே, அதைப் போடச் சொன்னான். ஒரு தடவை கேட்க வேண்டும் என்றான்.

ஒஸெல்லா தட்டை எடுத்துப் போய் அவன் மடியில் வைத்தாள்.

“வேணும்னா நீயே போடு. அது உன் வேலையாத்தான இருந்துச்சு.”

அவன் நல்ல கையால் உறையைப் பிரிக்கப் பார்த்தான். வரவில்லை. எனக்குப் பொறுக்காமல் எழுந்தேன். “உக்காரு டிலோய்ஸ்” என்றாள் ஒஸெல்லா, என்னைப் பார்க்காமலேயே. உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் நான் வீட்டுக்குக் கிளம்பும்போது தட்டு அவன் மடியிலேயே இருந்தது.

அடுத்த வருஷம் அவன் போய்விட்டான். கடைசிவரை அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி நர்ஸுகளே அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். அடக்கத்தன்று சர்ச் நிறைந்திருந்தது. பாஸ்டர், சிஸ்டர் ப்ரூயிட் தம் கணவருக்காக ஒரு பாட்டுப் பாடுவார் என்று அறிவித்துவிட்டார். அவளைக் கேட்காமலேயே சொல்லிவிட்டார். ஆர்கன்காரர் சுருதி கொடுத்தார். எல்லோரும் முன்வரிசையையே பார்த்தார்கள்.

ஒஸெல்லா எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்கன்காரர் திரும்பத் திரும்ப அதே சுருதியை வாசித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நான் எழுந்து போய்ப் பாடினேன். எனக்குத் தெரிந்த அளவுக்குப் பாடினேன்.

சாப்பாட்டுக்குப் போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டாவது சரணத்துல சுருதி இறங்கிடுச்சு” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.